ஓடிய தூரத்தை அழிக்கலாமா?

பழைய காரை விற்குமுன் ஓடோமீட்டரைப் பின்னோக்கித் திருப்பிவிடுவது வியாபாரத் தந்திரம் மட்டுமே என்ற பேச்சைத் தாடிக்கொம்பு போன்ற சிற்றூரிலும் கேட்க முடிகிறது. நாம் இதை ஏற்பதற்கில்லை.

1998-இல் அறிமுகமான சான் ஸ்டார்மையே எடுத்துக்கொள்வோம். கோவாவில் தயாரான, இரண்டே இருக்கைகள் கொண்ட இந்திய ஸ்போர்ட்ஸ் கார் அது. நமது சிற்றிதழ்களைப் போலக் குறைந்த பிரதிகள், நிறைந்த பிரியம். இன்று உற்பத்தியில் இல்லை. அதன் மேற்கூடு கண்ணாடியிழை, துருப்பிடிக்காது. அடியிலுள்ள இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். மேலே பாலிஷ் போடுவதில் பிழையில்லை. ஆனால் வாங்க வருபவருக்கு அடிப்பாகத்தையும் காட்டவேண்டும். லட்சம் கிலோமீட்டர் கடந்த எஞ்சினுக்கு, டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது புது வர்ணத்தைவிட மதிப்புடையது.

மீட்டரைத் திருப்புவதால் வாங்குபவர் இழப்பது பணம் மட்டுமன்று. பெல்ட்டையும் பிரேக்கையும் எப்போது மாற்றுவது என்பதை அவர் அந்த எண்ணைப் பார்த்தே முடிவுசெய்கிறார். எண் பொய்யானால் அவருடைய உயிருக்கே ஆபத்து.

விற்றபின்னும் கடமை உண்டு. படிவம் 29, 30 அளித்துப் பெயர்மாற்றத்தை முடிக்கவேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவிலுள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

கழுவலாம், துடைக்கலாம், பழுது நீக்கலாம். ஓடிய தூரத்தை மட்டும் அழிக்கலாகாது. விலை சற்றுக் குறையலாம், குறையட்டும். வாங்கியவரைக் கடைத்தெருவில் எதிர்கொள்ளும்போது நாம் முகம் திருப்பவேண்டியிராது.