அடிப்பிடிக்கும் அண்டா

நாலு பேருக்குப் பொங்கல் வைக்கத் தெரிந்தவர் நானூறு பேருக்கும் வைத்துவிடலாம். அரிசியையும் பருப்பையும் ஜலத்தையும் நூறால் பெருக்கிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோர் நம்மில் பலர். பெருக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த விகிதத்தில் பெருகாத வஸ்து ஒன்று உண்டு என்று. அதுதான் பாத்திரத்தின் அடி.

பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்றைச் சற்றே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு தவலையைக் காட்டிலும் உயரம், அகலம் யாவற்றிலும் இரு மடங்கான அண்டா, எட்டு மடங்கு பண்டத்தைக் கொள்ளும். அதன் அடிப்பரப்போ நான்கே மடங்கு. ஆகவே அடியின் ஒவ்வோர் அங்குலமும் முன்னிலும் இரு மடங்கு பண்டத்தை வேகவைக்க வேண்டியிருக்கிறது. தவலை கொதிக்கும் அதே நேரத்தில் அண்டாவும் கொதித்தாக வேண்டுமென்று அவசரப்பட்டு விறகைத் திணிக்கிறோமே, அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது.

ஜலம் ஜலமாக இருக்கும் வரையில் பயமில்லை. அடியில் காய்ந்த நீர் மேலே எழும்ப, மேலுள்ள நீர் கீழே இறங்கிச் சூட்டைச் சுமந்து செல்லும். உஷ்ணம் 100 டிகிரியோடு நிற்கும். ஆனால் 70 டிகிரி சுமாரிலேயே அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துக் குழையத் தொடங்குகிறது. பண்டம் கெட்டியானதும் அந்த ஏற்ற இறக்கம் நின்றுபோகும். அடியில் தங்கிய படலம் ஈரம் வற்றி, மேலும் மேலும் சூடேறிக் கருகும். கல்யாண வீட்டில் நிறைய ஜலம் விட்டு வடிக்கும் சாதம் தப்பிவிட, பொங்கலும் பாயசமும் பருப்பும் தீய்ந்து போவதன் காரணம் இதுவே.

உலோகத்துக்கும் இதில் பங்குண்டு. சூட்டைக் கடத்துவதில் செம்பு முதன்மையானது. அலுமினியமும் பித்தளையும் அதற்குப் பின்னால் வரும். எவர்சில்வர் கடத்துவது அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆதலால் மெல்லிய எவர்சில்வர் அண்டாவில் ஜுவாலை படும் இடம் மட்டும் காய்ந்து கருவட்டம் விழும். அடி கனத்த பித்தளை அண்டா சூட்டைப் பரப்பிக் கொடுக்கும். ஆனால் ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் ஏற்றலாகாது. ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும்.

இனிக் கைக்கொள்ள வேண்டிய முறைகள். உலை நன்றாகக் கொதித்த பிறகே அரிசியைப் போடுக. போட்டவுடன் ஒரு முறை அடிவரை கிளறுக. முதலில் படியும் அரிசிதான் முதலில் ஒட்டும். துடுப்பு அண்டாவின் நடுவில் மட்டும் சுழன்றால் போதாது, ஓரத்து வளைவையும் தொட வேண்டும். பண்டம் கெட்டியாகத் தொடங்கியதும் விறகை வெளியே இழுத்துத் தணலில் விடுக. எரிவாயு அடுப்பாயின் தணித்துவிடுக. வெல்லத்தை உருக்கி வடிகட்டி, கடைசியில் சேர்ப்பது நலம். கட்டியாகப் போட்டால் அடியில் தங்கிக் கருகும். பால் காய்ச்சுமுன் பாத்திரத்தை ஜலம் விட்டு அலசி, ஈரத்தோடு பாலை ஊற்றுக. இவ்வளவுக்குப் பிறகும் தீய்ந்த வாசனை எழுந்தால், துடுப்பை எடுத்துவிடுக! கிளறினால் அடிக்கருகல் முழுவதும் பரவும். மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

இது வெறும் அடுப்பங்கரை விஷயமென்று ஆடவர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எங்கள் எடமலைப்பட்டி புதூர் சேர்ந்திருக்கும் இந்தத் திருச்சிராப்பள்ளிக்கு அண்டாவோடு நெருங்கின சம்பந்தம் உண்டு. இங்கே பாப்பாக்குறிச்சியில்தான் 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2012-இல் ஸ்ரீரங்கம் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் ஏற்பட்டது. 2022-இல் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. அதில் இடம்பெற்ற உப்புமா, கிச்சடி, பொங்கல் மூன்றும், அடிப்பிடிப்பதில் ஒன்றையொன்று மிஞ்சுபவை!

தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி என்றால், 200 குழந்தைகளுக்கு 20 கிலோ. வீட்டில் தீய்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். அங்கே மணி அடித்துவிடும். வேறு அரிசிக்கும் நேரத்துக்கும் எங்கே போவது? தீய்ந்த வாசனைக்குத் தட்டை ஒதுக்கின குழந்தையை, அடுத்த பாடவேளையில் நாங்கள் கரும்பலகையின் முன்னிருந்து பார்க்கிறோம். அதன் கண்களில் கணக்கு ஏறுவதில்லை.

அன்று சமையற்காரம்மாளின் கைராசியைக் குறை கூறுவது எளிது. ஒரே ஆள் காய் நறுக்கிக்கொண்டும், அடுப்பைப் பார்த்துக்கொண்டும், துடுப்பை விடாமல் கிளறிக்கொண்டும் இருக்க முடியுமா என்று கேட்பவர் சிலரே. பள்ளிக்குக் கொடை அளிக்க நினைப்போர் சுவரில் பெயர் பொறித்த கல் பதிப்பதற்கு முன், சமையற்கூடத்துள் ஒரு முறை எட்டிப் பார்ப்பார்களாக. அடி கனத்த ஓர் அண்டாவும், நீண்ட காம்புள்ள துடுப்பும், கிளறுவதற்கு இன்னொரு ஜோடிக் கையும் அங்கே இருக்கின்றனவா என்று விசாரிப்பார்களாக.