கையுள்ள விலங்கு

இந்தியில் கைக்கு ஹாத், யானைக்கு ஹாத்தி. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. வடமொழியில் ஹஸ்தம் என்றால் கை. அதை உடையது ஹஸ்தின். ரிக் வேதத்தில் இந்தப் பெயர் மிருகம் என்ற சொல்லோடு சேர்ந்தே வரும் இடங்கள் உண்டு: கையுள்ள விலங்கு. யானையைப் புதிதாகக் கண்டவர்கள் வைத்த பெயர் இது என்று அறிஞர்கள் பலர் கருதினார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அப்படிப் பெயர் வைத்தவர்கள் குதிரைக்கும் பசுவுக்கும் வழங்கிய சொற்களுக்கு லத்தீன், கிரேக்கம் வரை உறவுண்டு. யானைக்கு அப்படிக் கையோடு கொண்டுவந்த பெயர் எதுவும் இல்லை. பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

ஆசிய யானையின் துதிக்கை நுனியில் விரல்போல ஒரு மடல் நீண்டிருக்கும். மண்ணில் கிடக்கும் ஒற்றை நிலக்கடலையைக்கூட அதனால் எடுத்துவிடும். அவ்வளவு பெரிய உடம்பை விட்டுவிட்டு இந்தக் கையைப் பெயராக்கிய கண்ணை எத்தனை வியந்தாலும் தகும்.

பாலியில் ஹஸ்தின் என்பது ஹத்தி ஆயிற்று. இந்தியில் இரட்டித்த மெய் ஒற்றையாகி, முன்னிருந்த குறில் நெடிலானது. வங்காளியில் தகரத்தின் மூச்சொலியும் உதிர்ந்தது. அதிகம் உருமாறியது சிங்களத்தில்தான். அங்கே ஹகரமே போய்விட்டது. கை 'அத்த', கொம்பன் யானை 'எத்தா'. அந்த எகரம் உண்மையில் அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவிலான ஒலி. ஹத்தியின் இறுதியில் இருந்த இகரம், தான் மறையும் முன் முதலெழுத்தைத் தன் பக்கம் வளைத்துவிட்டுப் போயிருக்கிறது! ரால்ப் டர்னர் 1960-களில் வெளியிட்ட இந்தோ-ஆரிய ஒப்பியல் அகராதியில் இப்படிப்பட்ட உறவுகளை ஆயிரக்கணக்கில் பார்க்கலாம்.

தமிழ் வேறு குடும்பம். யானை என்ற சொல்லும் நம்முடையது. ஆனாலும் தும்பிக்கையில் கை இருக்கிறது. பழஞ்செய்யுளில் யானைக்குக் கைம்மா என்றே ஒரு பெயர் உண்டு. மா என்றால் விலங்கு.

பாரசீகர்களுக்கு யானை 'பீல்'. பாரசீகம் ஆட்சிமொழியானபோது அந்தச் சொல்லும் வங்கம் வரை வந்தது. டாக்காவில் யானைகளைக் கட்டிவைத்த இடம் பீல்கானா. அங்கிருந்து அவை குளிக்கப்போன நீர்நிலை ஹாதிர்ஜீல், வழியில் கடந்த பாலம் ஹாதிர்பூல். கொட்டாரத்துக்கு அரசாங்கம் பெயர் வைத்திருக்கும்; ஏரிக்கும் பாலத்துக்கும், அவை போவதைப் பார்த்த ஊர்க்காரர்கள் வைத்திருப்பார்கள்.