குலசாமி எது, வாடகை எவ்வளவு?

சங்கரன்கோவில் சாமிக்கு ஒரே உடம்பு. வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் பெருமாள். யார் பெரியவர் என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்களுக்குச் சண்டை வந்ததாம். கோமதி அம்மன் தவமிருக்க, இருவரும் ஒன்றாகக் காட்சி கொடுத்தார்கள் என்கிறது தலபுராணம். ஆடித்தபசு அன்று இதைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

அதே ஊர் விசைத்தறித் தொழிலாளியின் மகன் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1878-ல் செயின்ட் ஜான்ஸ், 1895-ல் சாரா டக்கர், 1923-ல் செயின்ட் சேவியர்ஸ் என்று கல்லூரிகள் வந்து, 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெயர் வாங்கிய ஊர். ஹாஸ்டலில் இடம் இல்லை. நாலு பேர் சேர்ந்து வீடு தேடுகிறார்கள்.

"தம்பி எந்த ஊரு?"

"சங்கரன்கோவில் அண்ணாச்சி."

"அங்க எந்தத் தெரு?"

சொல்கிறான்.

"குலசாமி எது?"

வாடகைப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மூன்றே கேள்வியில் ஜாதி தெரிந்துவிட்டது. பதில் பிடிக்கவில்லையா? "நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு." டு-லெட் பலகை மட்டும் அடுத்த வாரமும் தொங்கும். பையன் வேறு மதம் என்றால் மூன்று கேள்விகூட வேண்டாம். பெயரைச் சொன்னாலே போதும்.

'என் வீடு, என் இஷ்டம்' என்பார்கள். சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது! கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் ஜாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்ற அகமதாபாத் வீட்டுவசதி சங்கத்தின் விதியை, 2005-ல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. அமெரிக்காவைப் பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், நிறமும் மதமும் பார்த்து வீடு மறுப்பது குற்றம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நமக்கு இன்னும் எத்தனை பேர் சாக வேண்டுமோ?

சரி, ஜாதித் தேர்வில் பாஸ் ஆனவனுக்காவது நிம்மதி உண்டா? அடுத்த பேப்பர், அட்வான்ஸ். பத்து மாத வாடகை. நான் படித்த பி.காமுக்கு ஒரு கணக்காவது போட்டுக் காட்டுகிறேன். வாடகை 6,000 என்றால் அட்வான்ஸ் 60,000. அதற்கு 7 சதவீத வட்டி வருஷத்துக்கு 4,200. அதாவது மாசம் 350 ரூபாய், ரசீது இல்லாத கூடுதல் வாடகை. அந்த 60,000-த்தை அவன் அப்பா கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் கணக்கு இன்னும் பயங்கரம்.

2019-ல் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. கூடவே, 'வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்றும் ஒரு வரி. பூட்டைக் கொடுத்துவிட்டுச் சாவியையும் அதிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள்! வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவன் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டான்?

கரண்ட்டும் அப்படித்தான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அரசு அறிவித்தது. ஒரே மீட்டரில் நாலு போர்ஷன் ஓட்டும் ஓனர், குடித்தனக்காரரிடம் முதல் யூனிட்டிலிருந்தே வசூல் பண்ணுகிறார். கொடுத்தது அரசு, அனுபவிப்பது ஓனர்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. ரிட்டயர்மென்ட் பணத்தில் மாடி கட்டியவருக்கு, வந்தவன் காலி பண்ணாமல் உட்கார்ந்துவிடுவானோ என்ற பயம். 1960-ம் வருஷத்துச் சட்டத்தில் அப்படி உட்கார்ந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பழைய சட்டமே போய்விட்டது. புதிய சட்டத்தில் எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்தால், கெடு முடிந்ததும் காலி செய்யச் சொல்லலாம். பயத்துக்கு மருந்து பத்திரத்தில் இருக்கிறது, குலசாமியிடம் இல்லை.

அரசு செய்ய வேண்டியது இரண்டே திருத்தம். ஜாதி, மதம் சொல்லி வீடு மறுத்தால் தண்டனை. மூன்று மாத அட்வான்ஸ் வரம்புக்கு விதிவிலக்கே கிடையாது. கல்லூரிகளும் ஃபீஸ் வாங்குவதோடு கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. எந்த வீட்டில் நியாயமான வாடகைக்குப் பாரபட்சமில்லாமல் இடம் கிடைக்கும் என்று ஒரு பட்டியலாவது அட்மிஷன் பாரத்தோடு தரட்டும்.

இல்லையென்றால் அந்தப் பையன் தினமும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் வருவான். ஒரு நாள் தூங்கி வழிவான், ஒரு செமஸ்டர் அரியர் வைப்பான், ஒரு வருஷத்தில் தறிக்கே திரும்புவான். 'இவனுகளுக்குப் படிப்பு ஏறாது' என்று அப்போதும் சொல்வோம். படிப்பு ஏறாமல் இல்லை ஐயா. நாம்தான் அவனை மாடிப்படி ஏற விடவில்லை.