கப்பல் சீட்டும் கமிஷன் பயமும்

கோவில்பட்டியிலும் அதைச் சூழ்ந்த கரிசல் ஊர்களிலும், தீப்பெட்டித் தொழிலிலோ பஞ்சு வியாபாரத்திலோ அரசாங்க உத்தியோகத்திலோ ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து, பிள்ளைகளைக் கரையேற்றிய பின், ஒருமுறையாவது சொகுசுக் கப்பலில் கடல் யாத்திரை போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிற குடும்பங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. அந்த ஆசையோடு கூடவே, கப்பல் கம்பெனியிடம் நேரே பதிவு செய்துகொண்டால்தான் மலிவு, நடுவில் ஒரு டிராவல்ஸ்காரரை வைத்துக்கொண்டால் அவருடைய கமிஷன் நம் தலையில்தான் விழும் என்ற அபிப்பிராயமும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி எல்லோரிடத்திலும் வேரூன்றிவிட்டது. இந்த அபிப்பிராயம் தவறு. தவறு மாத்திரமன்று, முதல்முறையாகக் கப்பலேறப் போகிற குடும்பத்துக்குத் தீங்கு விளைவிப்பதும் ஆகும்.

இப்படி நினைப்பவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மானத்தை நம்பிப் பருத்தியும் மிளகாயும் உளுந்தும் விதைத்து, விளைந்ததைச் சாக்கில் கட்டி மண்டிக்குக் கொண்டுபோய், எடைக்கூலி என்றும் கழிவு என்றும் கமிஷன் என்றும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்ட பின் மிஞ்சியதை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வீடு திரும்பிய தகப்பனாரைப் பார்த்து வளர்ந்தவர்கள், நடுவில் நிற்கும் எவரைக் கண்டாலும் சந்தேகிப்பது இயல்புதான். ரயில் பிரயாணமும் அந்தச் சந்தேகத்துக்கே உரம் சேர்த்திருக்கிறது; ரயில் சீட்டில் முகவர் தம் கூலியைக் கட்டணத்தின்மேல் கூட்டித்தான் வாங்குகிறார், ஆகவே அங்கே நாமே நேரில் எடுத்துக்கொள்வதுதான் லாபம். ஆனால் மண்டியில் கண்டதையும் ரயிலில் கண்டதையும் கொண்டு கப்பலை அளக்கக் கூடாது.

கப்பல் வியாபாரத்தின் ஏற்பாடு வேறு. கம்பெனி ஓர் அறைக்கு ஒரு விலையை நிர்ணயிக்கிறது. அந்த விலைக்குள்ளேயே முகவருக்குரிய பங்கையும் ஒதுக்கி வைத்துவிடுகிறது. பயணி முகவரிடம் போனால் அந்தப் பங்கு முகவருக்குச் சேருகிறது. நேரே போனால் கம்பெனியே அதை வைத்துக்கொள்கிறதேயன்றி, பெரும்பாலும் பயணியின் கைக்கு ஒரு காசும் திரும்பி வருவதில்லை. ஆக, கமிஷனை மிச்சம் பிடித்துவிட்டோம் என்று மகிழ்கிறவர், தமக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஊழியத்தைத்தான் இழந்திருக்கிறார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகையோ, இருவர் சேர்ந்து தங்கும் அறையில் ஒருவருக்கு ஆகும் அடிப்படைக் கட்டணம் மட்டும்தான். துறைமுகக் கட்டணம், வரி, கப்பல் சிப்பந்திகளுக்காக இரவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தொகை ஆகியவை பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். இவற்றை முன்கூட்டியே கூட்டிக் காட்ட ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்திருப்பது சாமானிய உதவியன்று.

கோவில்பட்டியில் பஸ் நிலையத்துக்கு அருகே மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு சிறு கடையில் நான் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். வயது முதிர்ந்த தம்பதிகள் இருவர் தங்கள் பாஸ்போர்ட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு, துபாயிலிருந்து புறப்படும் கப்பலுக்கு என்ன விலை என்று கேட்டார்கள். கடைக்காரர் விலையைச் சொல்லவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் புரட்டி, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் விரல் வைத்து வாசித்தார். “அண்ணாச்சி, இதுல ஒங்க பேரு மட்டுந்தான் இருக்கு, சர்நேம் கட்டம் காலியா இருக்கு. மதினி பாஸ்போர்ட்டு இன்னும் அஞ்சு மாசத்துல முடியுது. மொதல்ல இதப் பாத்துட்டு வாங்க, பெறகு கப்பலப் பேசுவோம்” என்றார். அன்றைக்கு அவருக்கு ஒரு ரூபாய் வருமானமில்லை.

அவர் அந்த வெற்றுக் கட்டத்தில் விரல் வைத்ததன் அருமை எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பக்கத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமாக வாழ்ந்தவர்கள்தாம் அநேகர். அவர்களுடைய பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரே நிற்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயருடைய பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பிறகு பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ குறிக்கப்பட்டிருந்தால் போதும் என்று திருத்திக்கொண்டது. பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடி இருக்க வேண்டும் என்பதும் பல தேசங்களின் விதி. சிங்கப்பூருக்குப் போய்க் கப்பலேறலாம் என்றாலோ, இந்தியாவில் இருப்பவர் அந்நாட்டு விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகத்தான் பெரும்பாலும் விண்ணப்பிக்க முடியும். நேர்வழி என்று எதை நம்பிப் போகிறோமோ அது பாதி வழியிலேயே முகவரின் வாசலுக்கு வந்து நிற்கிறது. கம்பெனியின் இணையதளத் திரையோ, பணம் கட்டும் வரை இவற்றில் ஒன்றையும் வற்புறுத்திக் கேட்பதில்லை.

மலிவு ஒன்றையே பிரமாணமாகக் கொள்வதன் விளைவை இந்தக் கரிசல் மண்ணைவிட நன்றாக அறிந்த பிரதேசம் வேறில்லை. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாயாக, சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கவே, வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாக வரலாறு கூறும். 1908-இல் அவர் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. கப்பல்களும் கைமாறிப் போயின. போட்டி ஒழிந்த பிறகு எந்த வியாபாரியும் இலவசமாக ஏற்றிப் போவதில்லை. நம் ஊர்க் கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கம்பெனியின் பதிவு செய்த தொலைபேசிக் குரல் ஒன்றே நமக்கு மிஞ்சுமானால், அன்றைக்கு விலையைக் கேட்கவும் குறையைச் சொல்லவும் யாரிடம் போவோம்?

முகவர்கள் யாவரும் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணிகள், முன்பணம் கொடுத்து அதையே தீராக் கடனாக்கி, தம் ஊர் ஜனங்களையே பிணைத்து வைத்த சரித்திரம் தமிழ் ஜில்லாக்களுக்கு மறக்கத் தகாதது. இன்றும், 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெறாமலே, வெளிநாட்டு வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பறிக்கிறவர்கள் திரிகிறார்கள். 2020-இல் ஊரடங்கால் ரத்தான விமானச் சீட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், வந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைக்கழித்த முகவர்களும் உண்டு. இது நியாயமான ஆட்சேபம். இதற்குப் பதில், முகவரைச் சோதித்து எடுப்பதேயன்றி முகவரே வேண்டாமென்பதன்று. ரசீது கொடுக்காதவரிடமும், கம்பெனியின் உறுதிச்சீட்டை நம் பெயரில் காட்டாதவரிடமும், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதித் தராதவரிடமும் ஒரு நாளும் பணம் கட்டக் கூடாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடர உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமை முகவருக்கு எதிராகவும் செல்லும், கம்பெனிக்கு எதிராகவும் செல்லும். ஆனால் வழக்கு என்பது வருஷக்கணக்கான காரியம். கடைக்காரரோ மெயின் ரோட்டில் தினமும் நம் முகத்தில் விழித்தாக வேண்டியவர்.

கடல் யாத்திரையில் திட்டம் மாறுவது அபூர்வமன்று. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தொடங்கிய உல்லாசக் கப்பலின் பாதையில் புதுச்சேரியும் சொல்லப்பட்டிருந்தது. அங்கே கரையிறங்க அரசாங்கத்தின் அனுமதி அப்போது கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ஆம் தேதி ஆரம்பித்த கப்பல், சில நாட்களிலேயே பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டு, மறுவருஷம் ஆகஸ்டில்தான் வேறொரு கப்பலோடு மீண்டும் புறப்பட்டது. இத்தகைய வேளைகளில், தேதியை மாற்றுவதா பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று நம் பக்கம் நின்று கேட்க ஓர் ஆள் வேண்டும். கோவில்பட்டியில் இரவு ரயிலேறி விடிந்ததும் எழும்பூரில் இறங்கி அன்றைக்கே கப்பலேறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவரிடம், ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்குங்கள் என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

ஆகையால், கப்பலுக்குப் போக நினைக்கும் அன்பர்கள் கம்பெனி சொல்லும் முழுத் தொகையையும் வரிகளோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதே தேதிக்கும் அதே அறைக்கும் நம் ஊர் முகவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் கூடுதலாகக் கேட்டால் அது எதற்கென்று கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் விட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், தயங்காமல் அவரிடமே பதிவு செய்யுங்கள்.