விளையாட்டைப் படித்தால் சோறு கிடைக்குமா?



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் போடியில் வீட்டுக்கு வீடு பட்டிமன்றம்தான். "உடற்கல்வி படிக்கப் போறேன்" என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால் போதும், "பி.டி. வாத்தியாராகி விசில் ஊதவா?" என்று பெரியப்பா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத்தான் கண்டிக்கிறேன்.

போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்குங்கள். அதே ஏலமலை, அதே மழை. இடுக்கி மாவட்டம் முல்லக்கானத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார். அதே மாவட்டத்துப் பீனாமோள் 2002 பூசானில் 800 மீட்டரில் தங்கம். ஆண்கள் 800 மீட்டரில் அவர் தம்பி பினு வெள்ளி.

மலை ஒன்றுதான். இங்கே விடியுமுன் தோட்டத்து ஜீப்பில் ஏறும் தாயின் மகள் நன்றாக ஓடினால், அதைக் கண்டு சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? பி.டி.உஷாவை உருவாக்கிய ஓ.எம்.நம்பியார் பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு படித்தவர். துரோணாச்சாரியார் விருது தொடங்கிய 1985லேயே அதைப் பெற்றவர். ஓடுகிறவருக்குத் திறமை போதும் என்று வைத்துக்கொண்டாலும், ஓட வைப்பவருக்குப் படிப்பு வேண்டும்.

படிக்க இடமா இல்லை? 1920இல் ஹாரி பக் தொடங்கிய சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. மேலக்கோட்டையூரில் இதற்கென்றே அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா கல்லூரி இருக்கிறது.

சிரமத்தையும் மறைக்க மாட்டேன். பள்ளி வேலைக்கு மூன்றாண்டுப் பட்டம் மட்டும் போதாது. மேலே இரண்டாண்டு பி.பி.எட். வேண்டும். சேருமுன் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பயிற்சியாளராக வேண்டுமானால் பாட்டியாலா டிப்ளமோ. அரசுப் பணியிடங்கள் குறைவுதான். ஆனால் இன்ஜினியரிங் முடித்தவனுக்கு மட்டும் வேலை வாசலில் வந்து நிற்கிறதா? அவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லையே!

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ சேர்ந்தபோதும் "வாத்தியார் வேலையா?" என்றுதான் கேட்டார்கள். அந்த டிப்ளமோதான் என் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு ஜோடி நல்ல ஷூவும் வாங்கிக் கொடுங்கள்.