நாற்பதாவது வீடு



முன்பு என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி அண்மையில் ஒரு மாலை நேரத்தில் என்னைக் காண வந்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்கிறாள். முகம் வாடியிருந்தது. "ஹஜ்ரத், இந்தப் பாடம் எனக்கு வராது போலிருக்கிறது. வேறு பிரிவுக்கு மாறிவிடும்படி அத்தா சொல்கிறார்கள். நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றாள்.

நடந்தது இதுதான். 1 முதல் 40 வரையுள்ள எண்களைத் திரையில் காட்டும்படி அவள் ஒரு நிரல் எழுதினாள். திரையிலோ 1, 1, 1 என்று ஒரே எண் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தது. உடன் பயில்வோர் சிரித்துவிட்டனர். அந்தச் சிரிப்பே பாடத்தை வெறுக்கச் செய்துவிட்டது.

கலைப் பட்டதாரியான எனக்குக் கணினி சற்று எட்டாத பொருள்தான். ஆயினும் அவளிடம் ஒன்று கேட்டேன்: "நம் முல்லா வீதியில் நாற்பது வீடுகளுக்கு நிக்காஹ் அழைப்பிதழ் கொடுக்கச் சொன்னால் என்ன செய்வாய்?"

"முதல் வீட்டில் கொடுப்பேன், அடுத்த வீட்டுக்குப் போவேன், கடைசி வீடு வரை இப்படியே செய்வேன்" என்றாள்.

அவள் கூறிய இந்த விடைதான் கணினிப் பாடத்தில் 'மடக்கு' எனப்படுவது. ஆங்கிலத்தில் 'லூப்' என்பார்கள். ஒரே வேலையை நாற்பது முறை செய்ய நாற்பது கட்டளைகள் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை எழுதி, அதைத் திரும்பத் திரும்பச் செய்யுமாறு பணித்தால் போதும். நாற்பது நாலாயிரமானாலும் எழுதும் வரிகள் கூடுவதில்லை.

தமிழ்ச் சொற்களைக் கொண்டே கணினிக்குக் கட்டளையிட உதவும் 'எழில்' என்னும் நிரல்மொழியை முத்தையா அண்ணாமலை என்னும் பொறியாளர் உருவாக்கி, 2009ஆம் ஆண்டில் அதுபற்றி ஆய்வுரையும் வெளியிட்டுள்ளார். அம்மொழியில் நம் வீதி உலாவை இவ்வாறு எழுதலாம்:

வீடு = 1
@(வீடு <= 40) வரை
    பதிப்பி வீடு
    வீடு = வீடு + 1
முடி

'பதிப்பி' என்றால் திரையில் காட்டு என்று பொருள். வீட்டு எண் நாற்பதோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் வரை, 'முடி' என்ற சொல்லுக்கு மேலே உள்ள வேலைகளை மீண்டும் மீண்டும் செய் என்பதே இதன் கருத்து. நிபந்தனையை முன்னே கூறி, 'வரை' என்பதைப் பின்னே வைப்பது தமிழ் பேசும் நமக்குப் பழகிய நடையே அல்லவா?

இதில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. எங்கே தொடங்குவது என்பது முதலாவது. எதுவரை தொடர்வது என்பது இரண்டாவது. ஒவ்வொரு சுற்றிலும் எது மாறுகிறது என்பது மூன்றாவது. அம்மாணவி தன் நிரலில் மூன்றாவதை விட்டுவிட்டாள். அதாவது, அடுத்த வீட்டுக்கு நகராமல் முதல் வீட்டு வாசலிலேயே நின்று அழைப்பிதழ்களை நீட்டிக்கொண்டிருந்தாள்! விடுபட்டது ஒரே ஒரு வரி, அறிவு அன்று.

இத்தகைய பிழை பெரும் நிறுவனங்களையும் விட்டுவைப்பதில்லை. 2008ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'சூன்' என்னும் பாட்டுக் கருவிகளில் ஒரு வகை முழுவதும் செயலிழந்து நின்றது. அது லீப் ஆண்டின் 366ஆம் நாள். நாள் கணக்கிலிருந்து ஆண்டுகளைக் கழித்துக்கொண்டே வரும் மடக்கு ஒன்று அக்கருவியின் கடிகார நிரலில் இருந்தது. எண் 365க்கு மேல் இருக்கும் வரை அது சுழல வேண்டும். லீப் ஆண்டானால், எண் 366க்கு மேல் இருந்தால் மட்டுமே கழிக்க வேண்டும். சரியாக 366 வந்தபோது கழிக்கவும் வழியில்லை, வெளியேறவும் வழியில்லை. எனவே, கருவி அங்கேயே சுழன்றது. மறுநாள் தேதி மாறி, மின்கலம் தீர்ந்து, மீண்டும் இயக்கிய பிறகே சரியானது.

இதனினும் கவலைக்குரிய பிழை ஒன்றுண்டு. '<=' என்பதற்குப் பதிலாக '<' என்று மட்டும் எழுதிவிட்டால் கணினி முப்பத்தொன்பதோடு நின்றுவிடும். அது முரண்டு செய்யாது. பிழை என்று கூறாது. வேலை முடிந்ததாகவே காட்டும். நிக்காஹ் அழைப்பிதழ் விடுபட்டால் மனவருத்தத்தோடு போகும். அது உதவித்தொகைப் பட்டியலாக இருந்து, நாற்பதாவது வீட்டில் ஆதரவற்ற தாய் ஒருவர் இருந்தால் என்னாவது? ஆகவே, முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் ஒருமுறை கையால் சரிபார்ப்பது நிரல் எழுதுவோரின் கடமையாகும்.

மடக்குக்குள் மடக்கும் உண்டு. குறுக்கும் நெடுக்குமாய் நேர்க்கோடிட்டாற்போல் அமைந்த நம் புதுவை நகர வீதிகளை எண்ணிப் பாருங்கள். வெளி மடக்கு வீதி வீதியாகச் செல்லும். உள் மடக்கு அவ்வீதியின் வீடு வீடாகச் செல்லும். வீதிக்கு நாற்பது வீடுகள் எனக் கொண்டால், எட்டு வீதிகளில் 320 கதவுகள் தட்டப்படும். எழுதும் வரிகளோ பத்துக்குள் அடங்கிவிடும்.

பெற்றோர்களே! படிப்படியாகக் கணக்கிடும் முறையை 'அல்காரிதம்' என்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயரே லத்தீன் வழியாக அவ்வாறு திரிந்தது. அப்படியிருக்க, இக்கல்வி நமக்கு அந்நியம் என்று எண்ணுவது எப்படிப் பொருந்தும்? ஒரு வரி விடுபட்டதற்காக ஒரு பெண்பிள்ளையின் படிப்பையே மாற்றிவிடலாமா?

அவளுடைய அத்தாவிடம் இதையே எடுத்துரைத்தேன். "ஓராண்டு பார்ப்போம்" என்றார்கள். மறுவாரம் அவள் ஏட்டோடு வந்தாள். 1 முதல் 40 வரை வரிசையாக வந்திருந்தன. கடைசி எண்ணை அவளே சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.