வண்ணம் மாறினால் பழி யார் மீது?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. கணிப்பொறித் திரையில் வண்ணம் பார்ப்போருக்கு இம்முதுமொழி மிகவும் பொருந்தும். திரையில் பளிச்சென்று நீலமாகத் தெரிந்த அட்டைப்படம், அச்சாகி வரும்போது ஊதாச் சாயலில் வந்து நிற்கிறது. உடனே பலர், “அச்சகத்தார் கெடுத்துவிட்டார்கள்” என்று கூறிப் பணத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். இது நியாயமன்று என்பதே எங்கள் கருத்து.

திரை தானே ஒளி வீசுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டியே அது எல்லா நிறங்களையும் உண்டாக்குகிறது. மூன்றும் முழு அளவில் சேர்ந்தால் வெண்மை. தாளுக்கோ சொந்த ஒளி இல்லை. அதன்மேல் படியும் சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள், விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியையே நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. மை சேரச் சேர நிறம் இருளும். ஆகவே, திரையின் ஒளிரும் நீலத்தை இந்த நான்கு மைகளால் எட்ட இயலாது. இயலாததைச் செய்யவில்லை என்று ஒருவரைக் கடிந்துகொள்வது முறையாகுமா?

மேலும், கணிப்பொறி ஒரு நிறத்தைப் பெரும்பாலும் 0 முதல் 255 வரையுள்ள மூன்று எண்களால் குறிக்கிறது. அதே எண்களைக் கொடுத்தாலும் இரண்டு திரைகள் ஒரே நிறத்தைக் காட்டுவதில்லை. ஸ்கேனரும் தான் கண்டபடியே எண்களை எழுதுகிறது. ஊருக்கு ஒரு படி இருந்தால் சந்தையில் சண்டை மூளாதா? இக்குறையைப் போக்க வழி உண்டு. மனிதக் கண் காணும் விதத்தை ஆராய்ந்து, 1931-ஆம் ஆண்டிலேயே வண்ணத்துக்குப் பொது அளவை ஒன்று வகுக்கப்பட்டது. 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பை நிறுவின. அதன் முறைப்படி ஒவ்வொரு கருவிக்கும் ‘புரொஃபைல்’ என்னும் குறிப்பு உண்டு. இக்கருவியின் இன்ன எண் பொது அளவையில் இன்ன நிறம் என்று அக்குறிப்பு கூறும். அதைக் கொண்டே, ஒரு கருவியின் நிறத்துக்கு மிக நெருங்கிய நிறத்தை மற்றொரு கருவி தேர்ந்துகொள்கிறது.

“காசு கொடுப்பவர் நாம், சரியாகச் செய்வது அவர்கள் கடமையல்லவா?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நாம் ஒப்புக்கொண்ட மாதிரியிலிருந்து அச்சு மாறினால் தவறு அச்சகத்தாருடையதே. ஆனால், மாதிரியே கேட்காமல், கைபேசியில் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால், நம் திரையில் தெரிந்த நிறம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆதலால், படத்தைப் புரொஃபைலுடன் அனுப்ப வேண்டும். அச்சிடப்போகும் அதே தாளில் ஒரு மாதிரி கேட்டு வாங்க வேண்டும். அதை மஞ்சள் விளக்கின் கீழ் அல்லாமல் பகல் வெளிச்சத்தில் பார்த்து, ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது. ஆயிரம் பிரதிகளைத் திருப்பி அனுப்பினால் வீணாவதோ தாளும் மையும் தொழிலாளரின் உழைப்பும்.

தோழியரே, பெற்றோரே! உழைத்தவர் கூலியில் கை வைக்குமுன் தீர விசாரிப்போமாக!